கலீஃபாவின் வினாத்தாள்

கி.பி. 833, வசந்த காலம். பைஸாந்தியர்களோடு போர் நடத்த எல்லைப்புறம் போயிருந்த கலீஃபா மாமூனிடமிருந்து பாக்தாத் நகர அதிகாரி இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்கு ஒரு கடிதம் வந்தது. படை கேட்டோ பணம் கேட்டோ வந்த கடிதம் அல்ல அது. நகரத்துக் காதிகளையும் ஹதீஸ் அறிஞர்களையும் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னது. குர்ஆன் படைக்கப்பட்டதா, இல்லையா? ‘படைக்கப்பட்டது’ என்று ஒப்புக்கொள்ளாதவர் இனி தீர்ப்புச் சொல்ல முடியாது. அவருடைய சாட்சியமும் செல்லாது.

தம்பி அமீனை வீழ்த்தி மாமூன் ஆட்சியைப் பிடித்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். கிரேக்க நூல்களை அரபுக்குக் கொண்டுவர வாரி வழங்கியவர், சிஞ்ஜார் சமவெளியில் ஆட்களை விட்டுப் பூமியின் அளவைக் கணக்கிடச் சொன்னவர். அப்படிப்பட்டவர் தம் வாழ்நாளின் கடைசி நான்கு மாதங்களில் இப்படியொரு விசாரணையை ஏன் தொடங்கினார்?

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். குர்ஆன் மனிதர் சொல் என்ற குற்றச்சாட்டு, குர்ஆனின் வயதே உடையது. நபிகளைக் கவிஞர் என்றும், குறி சொல்பவர் என்றும், யாரோ ஒரு வெளிநாட்டவர் அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்றும் மக்காவாசிகள் பேசியதைக் குர்ஆனே பதிவு செய்து மறுக்கிறது. பாக்தாதில் நடந்த சண்டை அது அல்ல. இங்கே இரண்டு தரப்புமே அதை இறைவனின் சொல் என்று நம்பியவர்கள்தான். அந்தச் சொல் இறைவனோடு என்றென்றும் இருந்ததா, அல்லது ஒரு காலத்தில் அவன் உண்டாக்கியதா என்பதில்தான் தகராறு.

படைக்கப்பட்டது என்று வாதிட்டவர்களில் முன்னணியில் நின்றவர்கள் முஃதஸிலாக்கள். பஸ்ராவில் வாஸில் இப்னு அதா தொடங்கிவைத்த மரபு. அவர்களுடைய வாதத்தை இன்று படித்தாலும் அதன் கூர்மை குறையவில்லை. இறைவன் ஒருவனே அநாதி. குர்ஆனும் அநாதி என்றால் அநாதிகள் இரண்டாகி விடாதா? அப்புறம் ஏகத்துவம் எங்கே நிற்கும்? குர்ஆனில் பத்ருப் போர் பேசப்படுகிறது, நபிகளின் பகைவன் அபூலஹபுக்குச் சாபம் இருக்கிறது. அபூலஹப் பிறப்பதற்கு முன்பே, உலகமே தோன்றுவதற்கு முன்பே அந்தச் சாபம் இருந்தது என்றால், அவனுக்குத் திருந்த வழி ஏது? திருந்த வழியில்லாதவனைத் தண்டிப்பது நீதியா? இறைவனின் நீதியை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்த முஃதஸிலாக்களுக்குக் கடைசிக் கேள்விதான் பெரிய முள்.

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. ஈஸாவை (இயேசுவை) இறைவனின் ‘வார்த்தை’ என்று குர்ஆன் சொல்கிறது. டமாஸ்கஸில் உமையா ஆட்சிக் காலத்தில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் யோவான் இதையே பிடித்துக்கொண்டார். இறைவனின் வார்த்தை அநாதி என்றால் ஈஸாவும் அநாதிதானே என்பது அவர் வைத்த பொறி. மாமூனின் கடிதமும் இந்த இடத்தில்தான் குத்துகிறது: குர்ஆன் படைக்கப்படாதது என்பவர்கள், மர்யமின் மகனைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் சொல்வதைத்தான் வேறு வாயால் சொல்கிறார்கள்.

எதிர்த் தரப்பின் பதிலும் லேசானதல்ல. பேச்சு என்பது இறைவனின் பண்பு, அறிவைப் போல. இறைவனின் அறிவு படைக்கப்பட்டது என்று யாராவது சொல்வார்களா? சொன்னால், அதற்கு முன் அவன் அறிவில்லாமல் இருந்தான் என்றாகும். ‘ஆகு’ என்ற சொல்லால்தான் அவன் எல்லாவற்றையும் படைக்கிறான்; அந்தச் சொல்லையே படைக்க வேறொரு ‘ஆகு’ வேண்டியிருக்குமே! ஆக, இரண்டு பக்கமும் இறைவனின் தனித்தன்மையைக் காக்கத்தான் போராடின. சபைகளில் உட்கார்ந்து இன்னும் நூறு ஆண்டுகள் பேசியிருக்கலாம். மாமூன் விடவில்லை.

முதலில் ஏழு பேரைத் தன் பாளையத்துக்கே வரவழைத்தார். தலைமுறை வரலாறு எழுதிய இப்னு ஸஅத், ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோடுவதில் பெரும்பெயர் பெற்ற யஹ்யா இப்னு மயீன் ஆகியோர் அந்த ஏழில் அடக்கம். ஏழு பேரும் தலையாட்டினார்கள். அவர்களைப் பாக்தாதுக்குத் திருப்பி அனுப்பி, ஊரறிய மறுபடியும் சொல்ல வைத்தார்கள். பெரிய தலைகளே சாய்ந்துவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பது கணக்கு.

அடுத்த சுற்று இஸ்ஹாக்கின் மாளிகையில் நடந்தது. தபரி தம் வரலாற்றில் அந்த விசாரணையை ஏறக்குறைய நீதிமன்றக் குறிப்பு மாதிரியே தருகிறார். முன்னாள் காதி பிஷ்ர் இப்னு வலீதின் முறை. குர்ஆன் பற்றி என்ன சொல்கிறீர் என்றதும், அது இறைவனின் வார்த்தை என்கிறார். அதைக் கேட்கவில்லை, படைக்கப்பட்டதா என்கிறார் அதிகாரி. எல்லாவற்றையும் படைத்தவன் இறைவன் என்று பதில் வருகிறது. குர்ஆன் ஒரு பொருள்தானா? ஆம், பொருள்தான். அப்படியானால் படைக்கப்பட்டதா? அது படைப்பவன் அல்ல! மழுப்பலில் கைதேர்ந்த கிழவர். அவருக்குப் பின் வந்தவர்களும் ஏறக்குறைய இதே வழியில்தான் நழுவினார்கள். எழுத்தர் ஒவ்வொருவர் பதிலையும் எழுதிக்கொண்டார், கட்டு முழுவதும் கலீஃபாவுக்குப் போயிற்று.

திரும்பி வந்த பதிலைப் படித்தால் மாமூனின் தத்துவ முகம் கழன்று விழுவது தெரியும். ஒவ்வொருவர் பெயரையும் எடுத்து வசைபாடுகிறார். இவன் அன்பாரில் தானியம் திருடியவன், அவன் எகிப்தில் கொஞ்ச காலத்தில் சொத்துக் குவித்தவன், இன்னொருவன் வயதில் பெரியவன் புத்தியில் சிறுபிள்ளை. பிஷ்ரும் இப்ராஹீம் இப்னு மஹ்தியும் இணங்காவிட்டால் தலையை வெட்ட வேண்டும். மற்றவர்களை விலங்கிட்டு அனுப்ப வேண்டும். இந்த இப்ராஹீம் யார்? மாமூனின் சிற்றப்பா, இசைவாணர், 817-இல் பாக்தாத் மக்கள் மாமூனுக்கு எதிராகக் கலீஃபாவாக்கிப் பார்த்தவர். மார்க்க விசாரணைக்குள் பழைய பாக்கியும் ஒளிந்திருந்தது.

என் கணிப்பில் மாமூனின் உண்மையான உறுத்தல் வேறு. அரண்மனைச் சம்பளம் வாங்காத, சில்லறை வாடகையில் காலம் தள்ளும் ஹதீஸ்காரர்களைச் சுற்றிப் பாக்தாதில் கூட்டம் கூடியது. மார்க்கம் எது என்று கேட்க மக்கள் அரண்மனை வாசலுக்கு வரவில்லை, அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போனார்கள். அந்த அதிகாரம் யார் கையில் என்பதைத் தீர்த்துக்கொள்ளக் கலீஃபாவுக்கு ஒரு வினாத்தாள் தேவைப்பட்டது.

வெட்டுவேன் என்றதும் கூட்டம் பணிந்தது. நெருக்கடியில் உள்ளம் உறுதியாக இருந்தால் வாய் பிறழலாம் என்ற குர்ஆன் சலுகையைப் பலர் துணைக்கு அழைத்தார்கள். நால்வர் மட்டும் மறுத்தார்கள். அவர்களில் இருவர் விலங்கோடு இருந்து பார்த்துவிட்டு இணங்கினார்கள். எஞ்சிய ஹதீஸ் அறிஞர் அஹ்மத் இப்னு ஹன்பலும் இளைஞர் முஹம்மது இப்னு நூஹும் எல்லை நோக்கிப் புறப்பட்டார்கள். வழியிலேயே செய்தி வந்தது: மாமூன் இறந்துவிட்டார். திரும்பும் வழியில் இப்னு நூஹும் இறந்துபோனார். அவருக்குத் தொழவைத்துவிட்டு அஹ்மத் தனியாகப் பாக்தாத் சிறைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

அடுத்த கலீஃபா முஃதஸிம் படைவீரர். இந்த வாதங்களில் அவருக்கு ருசி கிடையாது. ஆனால் கொள்கையைக் கைவிடாதே என்பது அண்ணன் விட்டுச்சென்ற மரண சாசனம். பக்கத்தில் தலைமைக் காதி இப்னு அபீ துஆத். மூன்று நாள் விவாதத்தில் அஹ்மத் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்: வேதத்திலிருந்தோ நபிவழியிலிருந்தோ ஓர் ஆதாரம் கொடுங்கள். கடைசியில் சாட்டை வந்தது. ஒருவன் இரண்டு அடி அடித்துவிட்டு விலக, அடுத்தவன் புதுத் தெம்போடு வருவான். எத்தனை அடி என்ற கணக்கு நூலுக்கு நூல் மாறுகிறது. ஹன்பலிகளின் நூல்கள் அவர் கடைசிவரை பணியவில்லை என்கின்றன. முஃதஸிலாத் தரப்பினரான ஜாஹிழ், அவர் இணங்கினார் என்று எழுதுகிறார். எப்படியானாலும், நினைவிழந்த நிலையில் அவரை வெளியே விட்டுவிட்டார்கள். வெளியே திரண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து அரண்மனை அஞ்சியிருக்க வேண்டும்.

முஃதஸிமுக்குப் பின் கலீஃபாவான வாஸிக் காலத்தில் இந்த விசாரணை கேலிக்கூத்தாகவும் கொடூரமாகவும் ஒரே நேரத்தில் மாறியது. எகிப்தின் ஃபுஸ்தாத் பள்ளிவாசல் சுவர்களில் இறைவனைப் ‘படைக்கப்பட்ட குர்ஆனின் அதிபதி’ எனக் குறிக்கும் வாசகத்தை எழுத ஆணை போயிற்று. 845-இல் லாமோஸ் ஆற்றங்கரையில் பைஸாந்தியர்களுடன் கைதிகள் பரிமாற்றம். ஆண்டுக்கணக்கில் அந்நிய மண்ணில் அடைபட்டுக் கிடந்த முஸ்லிம்களிடம், கரையேறும் முன் அதே கேள்வி கேட்கப்பட்டது. தவறான பதில் சொன்னவருக்கு மீட்பு கிடையாது!

அடுத்த ஆண்டு பாக்தாதில் அஹ்மத் இப்னு நஸ்ர் அல்குஸாயீ என்பவரைச் சுற்றிக் கலகம் ஒன்று திட்டமிடப்பட்டது. முரசு அடித்ததும் எழ வேண்டும் என்று ஏற்பாடு. முரசு அடிக்க வேண்டியவர்கள் குடித்துவிட்டு ஒரு நாள் முன்னதாகவே அடித்துத் தொலைத்தார்கள். பிடிபட்ட குஸாயீயிடம் வாஸிக் கலகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. குர்ஆனைப் பற்றிக் கேட்டார். பதில் பிடிக்காமல் தானே வாளெடுத்தார். தலை பாக்தாதில் தொங்கியது, உடல் ஸாமர்ராவில். அடக்கம் செய்ய அனுமதி கிடைக்க ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின. அனுமதித்தவர் முதவக்கில். 847-இல் பதவிக்கு வந்த அவர் விசாரணையைப் படிப்படியாக நிறுத்தினார், இப்னு அபீ துஆத் குடும்பத்தின் சொத்தையும் பறித்தார்.

பகுத்தறிவுக்குப் பேர்போன முஃதஸிலாக்கள் இதன் பிறகு பாக்தாதில் தலையெடுத்துப் பேசுவது கடினமாகிவிட்டது. அவர்களுடைய வாதத்தை யாரும் முழுசாக முறியடித்துவிடவில்லை. காவலரோடு சேர்ந்து வந்த வாதம் என்பதே அதற்குக் கெட்ட பெயரானது. ஆனாலும் ஓமானின் இபாழிகளும் ஏமனின் ஸைதிகளும் ‘படைக்கப்பட்டது’ என்ற கொள்கையைக் காப்பாற்றி வந்தார்கள்.

வென்ற தரப்பிலாவது அமைதி வந்ததா? அங்கே புதிய கேள்வி கிளம்பியது. குர்ஆன் அநாதி, சரி. அதை ஓதும் என் குரல்? தாளில் ஊறிய மை? ஹதீஸ் தொகுப்பாளர் இமாம் புகாரி நைஸாபூர் வந்தபோது ஊரே எதிர்கொண்டு அழைத்தது. ஓதப்படுவது படைக்கப்படாதது, ஓதும் மனிதனின் செயல் படைக்கப்பட்டது என்பது அவர் நிலை. இறைவன் பங்கு எது, மனிதன் பங்கு எது என்று அவ்வளவு பதமாகப் பிரித்ததையும் உள்ளூர்ப் பெரியவர் துஹ்லீ பொறுக்கவில்லை. அப்படிச் சொல்பவர் தம் வகுப்புக்கு வரக்கூடாது என்றார். சபையில் இருந்த இமாம் முஸ்லிம் எழுந்து வீட்டுக்குப் போனார். துஹ்லீயிடம் கேட்டு எழுதிய குறிப்புகளை எல்லாம் மூட்டை கட்டி, ஒரு சுமைகூலியின் முதுகில் ஏற்றி, அவர் வாசலுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். புகாரி ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. சொந்த ஊரான புகாராவிலும் இருக்க முடியாமல், 870-இல் ஸமர்கந்த் அருகே ஒரு சிற்றூரில் இறந்தார்.

அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், பஸ்ராவில் முஃதஸிலா ஆசிரியர் ஜுப்பாயீயின் தலைமாணவர் ஒருவர் ஆசானோடு முறித்துக்கொண்டு எதிரணிக்குப் போனார். போனவர் சும்மா போகவில்லை, முஃதஸிலாக்களின் தர்க்கக் கருவிகளையும் எடுத்துக்கொண்டு போனார். அந்த அஷ்அரீயின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)