காஷ்மீரத்துப் பிரத்தியபிஞ்ஞையும் தென்னாட்டுச் சைவமும்

தன்னையறிதலும் தலைவனையறிதலும் ஒன்றோ வேறோ என்பது சைவநூல் வல்லார் பன்னெடுங்காலமாக ஆய்ந்துவரும் வினாவாகும். இதற்குச் சைவருள்ளே இருவகை விடை எழுந்தது. உயிரறிவின் உண்மையியல்பே சிவம். அதனை மறந்திருத்தலே பந்தம். மறந்ததனை மீள அறிந்துகொள்ளுதலே வீடு என்பது ஒன்று. உயிர் அறிவுடைப் பொருளேயாயினும் தானே சிவமன்று. மலத்தாற் கட்டுண்டு கிடந்து, திருவருளால் அக்கட்டு நீங்கியபின் சிவத்தோடு பிரிப்பின்றி நிற்பதே வீடு என்பது மற்றொன்று. முன்னையது பிரத்தியபிஞ்ஞை என்னும் பெயரொடு காஷ்மீரத்தில் ஓங்கியது. பின்னையது சித்தாந்தமெனத் தமிழ்நாட்டில் நிலைபெற்றது. இவையிரண்டும் வடகோடியும் தென்கோடியும்போல ஒன்றையொன்று அறியாது வளர்ந்தன என்று கருதுவாரும் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இரண்டும் ஒரு பள்ளத்தாக்கில் அருகருகே வளர்ந்தன. இரண்டும் தென்னாடு போந்தன. இரண்டன் நூல்களையும் காத்ததிற் பெரும்பங்கு தென்னாட்டு ஏடுகளுக்கு உண்டு.

காஷ்மீரத்து அத்துவித சைவத்தின் முதலாசிரியராகப் போற்றப்படுபவர் வசுகுப்தர். மகாதேவகிரியின்கண் உள்ள ஒரு பாறையிற் பொறிக்கப்பட்டிருந்த சிவசூத்திரங்களை இறைவன் கனவிற் காட்ட அவர் கண்டு வெளிப்படுத்தினார் என்பது க்ஷேமராசர் தம் உரையிற் கூறும் வரலாறு. அறிவே ஆன்மாவின் வடிவம் என்னும் கருத்தே அந்நூலின் தொடக்கமாகும். வசுகுப்தரின் மாணாக்கர் கல்லடர். அவந்திவர்மன் என்னும் அரசன் ஆண்ட காலத்தே (கி.பி. 855 - 883) கல்லடர் முதலிய சித்தர்கள் உலகிற்கு நலஞ்செய்ய இறங்கிவந்தனர் என்று கல்கணர் தமது இராசதரங்கிணியிற் குறிக்கின்றார். ஆதலின் இம்மரபின் தொடக்கம் கி.பி. 9-ஆம் நூற்றாண்டென்பது தெளிவு.

ஆயின், அதற்கு முன்னரே அந்நாட்டிற் சித்தாந்த சைவம் வேரூன்றியிருந்தது. சத்தியோசோதி சிவாசாரியர் நரேசுவரபரீட்சை, போககாரிகை, மோட்சகாரிகை, பரமோட்சநிராசகாரிகை முதலிய நூல்களை இயற்றிப் பதி, பசு, பாசம் மூன்றும் வெவ்வேறு பொருள்களென நிலைநாட்டினார். அவர் வழியில் நாராயணகண்டர் மிருகேந்திர ஆகமத்திற்கு உரை கண்டார். நாராயணகண்டரின் மைந்தர் இராமகண்டர் மதங்கம், கிரணம் என்னும் ஆகமங்கட்கு உரைவகுத்தார். இவரது காலம் கி.பி. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பர். எனவே அத்துவித சைவம் தோன்றி வளர்ந்தது வெற்றிடத்தன்று. துவித சித்தாந்தம் செழித்திருந்த நிலத்திலேயாம். அங்ஙனமே பௌத்தரின் தருக்கநூலும் அந்நாட்டில் உச்சநிலையடைந்திருந்தது. ஒருபால் பௌத்தரையும் ஒருபால் சித்தாந்திகளையும் எதிரே வைத்தே பிரத்தியபிஞ்ஞை நூலார் வாதிட்டனர்.

அவ்வாதத்தை முதற்கண் நூல்வடிவில் அமைத்தவர் சிவதிருட்டி இயற்றிய சோமானந்தர். அதனைத் தருக்கநெறியில் முறைப்படுத்தியவர் அவர் மாணாக்கர் உத்பலதேவர். அவர் இயற்றிய ஈசுவரபிரத்தியபிஞ்ஞாகாரிகை ஞானம், கிரியை, ஆகமம், தத்துவசங்கிரகம் என நான்கு அதிகாரங்களாக அமைந்தது. பிரத்தியபிஞ்ஞை என்பதற்கு மீட்டறிதல் என்பது பொருள். முன்னர்க் கேட்டறிந்த ஒருவனை நேரிற் கண்டவிடத்து, ‘அவனே இவன்’ என்று இரண்டறிவும் ஒன்றாக இயைய எழும் தெளிவே அஃது. புதிய பொருளொன்றைப் பெறுதல் அதன்கண் இல்லை. உள்ள பொருளை உள்ளவாறு உணர்தல் மட்டுமே உண்டு.

உத்பலதேவர் பௌத்தரை மறுக்குமிடத்து நினைவு என்னும் நிகழ்ச்சியையே கருவியாகக் கொண்டார். நிலைத்த ஆன்மா என ஒன்றில்லை, கணந்தோறும் தோன்றி மறையும் அறிவுத் தொடரே உள்ளது என்பது பௌத்தர் கொள்கை. அங்ஙனமாயின், நேற்றுக் கண்ட பொருளை இன்று நினைப்பது யாங்ஙனம்? நேற்றைய அறிவு நேற்றே அழிந்தது. ஓர் அறிவு மற்றோர் அறிவிற்கு விடயமாதலும் இல்லை. அறிவு தன்னொளியால் தானே விளங்குவதன்றோ? காட்சி எச்சமாக விட்டுச்சென்ற வாசனையால் நினைவு எழுமெனினும், அவ்வாசனை முன்னைக் காட்சிபோன்ற ஒன்றைத் தோற்றுவிக்குமேயன்றி, ‘முன் கண்டது இது’ என இரண்டனையும் இணைக்கமாட்டாது. ஆதலின் நேற்றைய அறிவையும் இன்றைய அறிவையும் தன்னுள் ஒருங்கே அடக்கி, சேர்த்தும் பிரித்தும் வழங்கவல்ல ஓர் அறிவொளி உண்டென்பது பெறப்படும். அவ்வொளி விளக்கின் ஒளிபோல வறிதே விளங்குவதன்று. தன்னைத் தானே உணர்ந்தும் விளங்குவது. முன்னதைப் பிரகாசம் என்றும் பின்னதை விமர்சம் என்றும் அவர் வழங்குவர். அறிதலும் செய்தலுமாகிய இவ்விரு சத்திகளும் ஒவ்வோர் உயிரின்கண்ணும் காணப்படுதலின், இச்சத்திகளையுடைய உயிரே மகேசுவரன் என்பது அவர் துணிபு.

உயிர் எஞ்ஞான்றும் சிவமேயாயின், அதனை மீட்டறிதலால் வரும் பயன் யாது என்னும் ஐயத்திற்கும் உத்பலதேவர் விடை கூறினார். ஒரு தலைவன் குணங்களைப் பிறர் சொல்லக்கேட்டு அவன்மேல் வேட்கை மீதூர்ந்தாள் ஒருத்தி. அவனே அவள் எதிரில் வந்து நிற்பினும், இன்னான் என்று அறியாதவிடத்துப் பொதுமக்களுள் ஒருவனாகவே அவனைக் கருதுவாள். அவனே இவன் என்று அறிந்த கணத்திலேதான் அவள் உள்ளம் நிறைவெய்தும். அதுபோல ஆன்மாவின் ஈசுரத்தன்மை என்றும் உள்ளதாயினும், அறியப்பட்டாலன்றி ஆனந்தம் பயவாது என்பது அவ்வுவமையின் கருத்து.

இக்கொள்கையை விரித்துரைத்துப் பெருக்கியவர் அபிநவகுப்தர். உத்பலதேவரின் மாணாக்கர் இலக்குமணகுப்தரிடம் பிரத்தியபிஞ்ஞையையும், சலந்தரபீடத்துச் சம்புநாதரிடம் ஏனைய ஆகமநெறியையும் இவர் கற்றார். முப்பத்தேழு ஆன்னிகங்களையுடைய தந்திராலோகம் இவரது பெருநூல். பிரத்தியபிஞ்ஞைக்கு இவர் வகுத்த பேருரை கி.பி. 1014 - 1015-இல் முற்றுப்பெற்றதென்பது அவ்வுரையின் இறுதியிற் காணும் ஆண்டுக் குறிப்பாற் பெறப்படும். இவர் மாணாக்கர் க்ஷேமராசர் தருக்கம் கல்லாதாரும் பயனடையுமாறு இருபது சூத்திரங்களாற் பிரத்தியபிஞ்ஞாஹிருதயம் என்னும் சிறுநூலை யாத்தார்.

இனி, இக்கொள்கை தெற்கே வந்தமையை நோக்குவோமாயின், முதற்கண் நினைக்கத்தக்கவர் மதுரையைச் சார்ந்த மதுராசர் ஆவர். இவர் அபிநவகுப்தரைத் தம் குருநாதராகப் போற்றி நூலியற்றினார். திராட்சைத் தோட்டத்தின் நடுவே, திருநீறும் உருத்திராக்கமும் பூண்டு, வீணை கையிலேந்தி, மாணாக்கர் சூழ வீற்றிருந்த அவர் திருக்கோலத்தை இவர் தியானச் சுலோகங்களில் அமைத்துள்ளார். காஷ்மீரத்து ஆசிரியரின் உருவம் இன்றைக்கு நம் மனக்கண்முன் நிற்பது மதுரையைச் சார்ந்த ஒருவரின் பத்தியால் என்பது வியக்கத்தக்கது. மதுராசரின் மைந்தர் வரதராசர் சிவசூத்திரங்கட்கு வார்த்திகம் இயற்றினார். பின்னர்ச் சோழநாட்டில் மகேசுவரானந்தர் தோன்றி, எழுபது பிராகிருதச் செய்யுட்களால் மகார்த்தமஞ்சரி பாடி, அதற்குப் பரிமளம் என்னும் உரையும் தாமே வகுத்தார்.

சித்தாந்தமும் இவ்வாறே தெற்கில் வளம்பெற்றது. கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் விளங்கிய அகோரசிவாசாரியர் காஷ்மீரத்துக் கண்டர் மரபை முழுதும் தழுவியவர். அட்டப்பிரகரணங்களுள் பலவற்றிற்கு உரைகண்ட அவர், போசதேவரின் தத்துவப்பிரகாசத்திற்கு முன்னுரைகாரர் அத்துவித வாசனையாற் பிறழப் பொருள்கொண்டனர் என்று இடித்துரைத்து, சித்தாந்தம் பற்றி உரைசெய்தார். காஷ்மீரத்தில் எழுந்த வழக்கு தென்னாட்டிலும் ஓயவில்லை என்பதற்கு இதுவே சான்று.

அவ்வழக்கின் உயிர்நிலை மலம் பற்றியது. உயிர் சிவமேயாயின் மலம் எங்ஙனம் வந்தது என்று சித்தாந்திகள் வினவினர். சிவன் தன் சுதந்திரத்தால் தன்னைத் தானே மறைத்துக்கொள்கின்றான். ஆணவமலமென்பது குறுகிய அறிவேயன்றி வேறு பொருளன்று என அத்துவிதிகள் விடை பகர்ந்தனர். சித்தாந்திகள் அதற்கு உடம்படவில்லை. கண்ணிற் படர்ந்த படலம் ஒரு பொருளாதலின், ‘படலம் உண்டு’ என்று அறிந்த அளவில் அது நீங்காது. மருத்துவன் கைத்தொழிலாலேயே நீங்கும். அதுபோல மலமும் ஒரு பொருளாதலின், அறிவு மட்டும் அதனை அகற்றாது; இறைவன் செயலாகிய தீக்கையே அகற்றும் என்பது அவர் கூற்று. நோவும் பிறப்பும் இறப்பும் உள்ள உயிருக்கு, ‘நீ என்றும் விடுதலையுற்றவனே’ என்று சொல்வது போதுமா, அன்றி அதனைத் தூக்கியெடுக்க ஒரு கை வேண்டுமா என்பதே ஈண்டு வழக்கு. இது சொற்போர் அன்று. சாதகன் ஒவ்வொருவனும் தன் வாழ்நாளில் விடை காணவேண்டிய வினா.

கி.பி. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரத்தில் எடுத்தாண்ட உவமை இவ்விடத்து நோக்கற்பாலது. வேடரிடை வளர்ந்து தன் குலம் மறந்த அரசகுமாரனுக்குத் தந்தையே வந்து உண்மையுணர்த்தி உடன்கொண்டு சென்றமை அவ்வுவமையிற் கருதப்படுவது. இவ்வரசகுமாரன் கதை தொன்மையானது. சங்கராசாரியரின் பிருகதாரணியக பாடியத்தினும் வருகின்றது. ஒரே கதை இருவேறு பயன் தருதலைக் காண்க. ‘யானே அரசன்’ என்று குமாரன் அறிவதே முடிபென ஒருசாரார் கொண்டனர். மெய்கண்டாரோ, குமாரன் தானே விழித்துக்கொள்வதாகக் கூறாது, குருவாய் வந்து உணர்த்துவானையும், புலன்களாகிய வேடரை விட்டு நீங்குதலையும், அன்னியமின்றித் திருவடி அணைதலையும் உடன் வைத்தனர். மீட்டறிதல் சித்தாந்தத்திற்கும் உடன்பாடே. அறியப்படுவது தான் தலைவன் என்பதன்று. தான் தலைவனுக்கு உரியவன், தலைவனின் பிரியாதவன் என்பதே வேறுபாடு. சூரியனொளியாற் காணும் கண், காணுங்கால் ஒளியோடு ஒன்றி நிற்பினும் சூரியனாகாமை போல என்க. சகம் 1235-இல் (கி.பி. 1313) உமாபதி சிவாசாரியர் இயற்றிய சங்கற்பநிராகரணம் ஐக்கியவாதத்தையும் சிவசமவாதத்தையும் ஒருங்கே விலக்கியதும் இந்நடுநிலை பற்றியேயாம்.

ஆயினும், வேறுபாட்டை மட்டும் கூறி ஒற்றுமையை மறைப்பது நேர்மையன்று. அபிநவகுப்தர் அஞ்ஞானத்தை உயிரைப் பற்றியது, புத்தியைப் பற்றியது என இரண்டாகப் பகுத்து, முன்னையது தீக்கையால் நீங்கும், பின்னையது நூலறிவால் நீங்கும் என்றார். சத்திநிபாதத்தைத் தந்திராலோகத்தில் தனியோர் ஆன்னிகத்தால் விரித்துரைத்தார். உத்பலதேவரோ தம் காரிகையைத் தொடங்குங்கால், மகேசுவரனுக்கு அடிமையாம் பேறு தமக்கு எவ்வாறோ கிடைத்ததெனக் கூறி, அப்பேற்றைப் பிறரும் எய்தவேண்டுமென்னும் விருப்பத்தால் நூல்செய்வதாக உரைத்தார். ‘மக்கள்’ என்று அவர் பொதுப்படக் கூறியதனால் பிறப்புவேற்றுமை ஈண்டுக் கருதப்படவில்லை என்று அபிநவகுப்தர் உரைவிரித்தார். உத்பலதேவர் பாடிய துதிகள் பின்னோரால் இருபது பகுதிகளாகத் தொகுக்கப்பெற்றுச் சிவஸ்தோத்திராவளி என வழங்குகின்றன. அவற்றில் அவர் இரந்து நிற்பது பத்தியையே. ஒருமையை நிறுவிய தருக்கவாணர், தொழுமிடத்து அடியவராகவே நின்றார்.

இந்நூல்கள் உலகறிய வந்த வரலாறும் நினைக்கத்தக்கது. கி.பி. 1875-இல் பியூலர் என்னும் ஜெர்மானிய அறிஞர் காஷ்மீரஞ் சென்று ஏடு தேடினார். கி.பி. 1911 முதல் காஷ்மீர அரசினர் தம் நூல்வரிசையில் இவற்றை அச்சிட்டனர். சித்தாந்தப் பக்கத்தே, அட்டப்பிரகரணங்கள் தேவகோட்டையில் 1923, 1925 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. உத்பலதேவர் தம் காரிகைக்குத் தாமே எழுதிய விருத்தியின் காஷ்மீரப் பதிப்பு இறுதிப்பகுதியின்றிக் குறைபட்டிருந்தது. திருவனந்தபுரத்தில் மலையாள எழுத்தில் இருந்த ஏட்டின் துணையால் இத்தாலிய அறிஞர் தோரெல்லா அதனை நிறைவுசெய்து 1994-இல் பதிப்பித்தார். காஷ்மீரத்திலேயே இம்மரபைக் கற்பித்துவந்த சுவாமி இலக்குமணசூ (1907 - 1991) இதன் பிற்காலத்து ஆசிரியருள் தலைசிறந்தவர்.

வடக்கே எழுதியதனைத் தெற்கே காத்தனர். தமக்கு உடன்பாடில்லாத கொள்கையையும் முழுதறிந்து, அதன் வலிமையை ஒப்புக்கொண்டு, பின்னர் மறுத்தலே நம் ஆசாரியர் மரபு. பூருவபக்கத்தை மெலிதாக்கி மறுப்பது எளிது; அதனால் சித்தாந்தம் விளங்காது. அறிவே உயிரின் இயல்பென்று பிரத்தியபிஞ்ஞையார் நிறுவிய பகுதியை நன்கு உணர்ந்தவர்க்கே, அவ்வறிவிற்கு அறிவாய் நின்று உணர்த்தும் பொருளொன்று உண்டென மெய்கண்டார் காட்டிய உண்மை இனிது புலனாகும்.