தூண்டிலும் காயமும்

தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தூண்டில் புதிதல்ல. ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் நூல், ஒரு மண்புழு இருந்தால் போதும். லயத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் விராலோ கெளுத்தியோ அகப்பட்டுவிடும். அன்பர்களே, இந்த எளிய பழக்கம் போரில் ஊனமுற்றவர்களுக்கு மருந்தாக வந்த வரலாற்றை இன்று பார்ப்போம். அதைப் பார்த்தால் நம் கெடா மாநிலத்து நீர்நிலைகளைப் பற்றியும் பேசாமலிருக்க முடியாது.

2005ஆம் ஆண்டில், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருந்த வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கை கால் இழந்த இளைஞர்கள் கிடந்தார்கள். அங்கே தாமும் சிகிச்சைக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற கடற்படைக் கேப்டன் எட் நிக்கல்சன் அவர்களைக் கண்டார். உடல் புண் ஆறினாலும் மனப் புண் ஆறாததைக் கண்டு, மருத்துவமனைப் புல்வெளியிலேயே அவர்களுக்குத் தூண்டில் வீசக் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். இப்படிப் பிறந்ததுதான் 'பிராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்' என்னும் அமைப்பு.

இந்தத் தூண்டில் நம்முடைய புழுத் தூண்டில் அன்று. இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி, பூச்சியைப் போலவே ஒரு பொய்யிரை கட்டுகிறார்கள். அதற்கு எடையே கிடையாது. கனமான நூலை முன்னும் பின்னும் வீசி, அந்த வீச்சின் வேகத்தில் இரையைத் தண்ணீர்மேல் மெல்ல இறக்க வேண்டும். முரட்டுப் பலம் உதவாது, நிதானம் வேண்டும். இரை கட்டும்போது மரத்துப்போன விரல்கள் மறுபடி பழகுகின்றன. வீசும்போது கண்ணும் கருத்தும் நீரிலேயே நிற்பதால், குண்டுச் சத்தம் சற்று நேரமாவது மறக்கிறது. இப்படி மீன் பிடிக்கச் சென்ற முன்னாள் வீரர்களைப் பற்றி 2013இல் வெளியான ஓர் ஆய்வு, சில வாரங்கள் கழிந்த பின்னும் அவர்களுக்குத் தூக்கம் சீரடைந்து மனவழுத்தம் தணிந்திருந்ததாகக் கூறுகிறது. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவதும் இவர்களிடையே வழக்கம். குழம்புக்கு ஆகாத மீன்பிடிப்பா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! நீரில் மீன் இருந்தால்தானே நாளை வருபவனும் தூண்டில் போட முடியும்?

இதே வழியில் இன்னும் ஒரு படி சென்றவர்களும் உண்டு. 2016இல் தோன்றிய 'போர்ஸ் புளூ' என்னும் குழுவில், முக்குளிப்பில் தேர்ந்த முன்னாள் போர்வீரர்கள் கடல் விஞ்ஞானிகளோடு சேர்ந்து, சிதைந்த பவளப் பாறைகளைச் சீர்செய்கிறார்கள்.

நம்மவர் கதைக்கு வருவோம். ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து, கெடாவையும் சேர்த்து, சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டு போகப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர் என்று கணக்கிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவும் மலேரியாவும் ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயின. மூங்கில் கீறிய சிறு காயம் அழுகிப் பெரும்புண்ணாகி, காலையே வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று பலருக்கு. இவர்கள் துப்பாக்கி ஏந்திய வீரர்களல்லர். கோடரியும் மண்கூடையும் சுமந்த தொழிலாளிகள். ஆகவே பதக்கமும் இல்லை, படைவீரர் ஓய்வூதியமும் இல்லை. நடக்க முடிந்தவர்கள் திரும்பி வந்து பால் வாளியை எடுத்தார்கள். அவர்கள் மனத்துக்கு மருந்து தேட வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை.

தோன்றியிருந்தாலும் ஆறு எப்படி இருந்தது? ரப்பர் ஆலையின் புளித்த கழிவுநீரும், பின்னாளில் செம்பனை ஆலையின் கழிவும் நேரே ஆற்றில் விழுந்த காலம் ஒன்று உண்டு. அக்கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிட, மீன்கள் மூச்சடைத்துச் செத்து மிதக்கும். 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு 1977இலும், ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் தனி விதிகள் வந்தன. கழிவைக் குளங்களில் தேக்கி, நுண்ணுயிர்களைக் கொண்டே அதன் கடுமையைக் குறைத்து வெளியே விடும் முறை அதன் பின்னரே பரவியது. தோட்ட மக்களின் வரலாற்றில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம். ஊதிய உயர்வைப்போல இதை யாரும் கொண்டாடவில்லை. ஆனால் குளித்ததும் துணி துவைத்ததும் அந்த ஆற்றில்தானே?

ஆற்று நீர் கடலுக்குத்தான் போகிறது. சுங்கை பட்டாணிக்கு மேற்கே மெர்போக் ஆறு கடலைச் சேரும் இடத்தில் பாக்காவ் காடுகள் அடர்ந்திருக்கின்றன. அவற்றின் வேர்களுக்கிடையே இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகள் ஆராய்ந்த காடுகள் இவை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கோத்தா கோல மூடாவைத் தாக்கி, படகுகளைத் தூக்கி வீடுகள்மேல் எறிந்த பிறகு, பாக்காவின் அருமை ஊர் மக்களுக்கு ஓரளவு விளங்கியது. கரையிலிருந்து வெகுதூரம் கடலில் பாயார் தீவும், அருகே காச்சா, லெம்பு, செகந்தாங் ஆகிய சிறு தீவுகளும் இருக்கின்றன. 1994இல் இவை கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப் பாறைகளில் மீன்கள் பெருகட்டும் என்று, சுற்றிலும் இரண்டு கடல் மைலுக்குள் மீன்பிடிக்கத் தடை. அங்கே பெருகும் மீன் எல்லைக்கோடு பார்த்து நிற்பதில்லை. வெளியே வந்து வலையிலும் தூண்டிலிலும் விழுகிறது.

இன்று நம்மிடையே போரில் காயப்பட்டவர்கள் அரிது. ஆனால் ஆலை இயந்திரத்தில் கை இழந்தவர்களும், செம்பனைக் குலை விழுந்து முதுகு ஒடிந்தவர்களும் இருக்கிறார்கள். வேலையில் காயப்பட்டவர்களுக்காக சொக்சோ அமைப்பு மலாக்காவில் 2014இல் ஒரு மறுவாழ்வு மையம் திறந்தது. உடற்பயிற்சியும் தொழிற்பயிற்சியும் அங்கே கிடைக்கின்றன. வீடு திரும்பிய பின், மாலை நேரத்தில் வாசற்படியில் தனியே உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரை யார் அழைத்துப் போவது? நம் இளைஞர் மன்றங்கள் பந்தாட்டப் போட்டி நடத்துகின்றன. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, ஒரு வேனில் இரண்டு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மெர்போக் முகத்துவாரத்துத் தஞ்சோங் டாவாய்க்குப் போகலாம். சக்கர நாற்காலி இறங்க ஒரு பலகை, நிழலுக்கு ஒரு குடை, ஆளுக்கொரு கழி, கூடவே மூங்கில் தூண்டில் கட்டத் தெரிந்த ஒரு தாத்தா. அவ்வளவுதான் செலவு.