மாலக்காஃப் குழியும் அதன் வடிகாலும்

கலிபோர்னியாவில் 1848-ஆம் ஆண்டு பொன் அகப்பட்டதென்ற செய்தி பரவி, உலகின் நானா திசைகளிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிந்து, ஆற்றுப்படுகைகளில் மேலாகக் கிடந்த பொன்துகள்களையெல்லாம் சில வருஷங்களுக்குள்ளாகவே அரித்து எடுத்துவிட்ட பிறகு, எஞ்சிய பொன் சியரா நெவாடா மலைச்சரிவுகளில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஓடி மறைந்த புராதன நதிகளின் சரளைப் படிவங்களிலே புதைந்து கிடந்தது. சில இடங்களில் நூற்றுக்கணக்கான அடி கனமிருந்த அந்தப் படிவத்தில், ஒரு கனகெஜச் சரளைக்குச் சில செண்டு மதிப்புள்ள பொன்னே கிடைக்குமாதலால், கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வெட்டினால் கூலிக்குக்கூடக் கட்டாது. 1853-இல் நெவாடா நகரத்துக்கு அருகே எட்வர்ட் மாட்டிசன் என்பவர், கித்தான் குழாயின் முனையில் ஒரு மூக்கைப் பொருத்தி, உயரத்திலிருந்து விழும் நீரின் வேகத்தாலேயே சரளைக் கரையைக் கரைத்துக் காட்டினார். அன்று முதல் மலையை வெட்டும் வேலை ஜலத்தினுடையதாயிற்று.

இந்த முறையைப் பெரிய அளவில் நடத்தியவற்றுள் முதன்மையானது, 1866-இல் தோன்றிய நார்த் புளூம்ஃபீல்டு சரளைச் சுரங்கக் கம்பெனி. மாலக்காஃப் என்னும் அதன் குழிக்காக, மலையுச்சிகளில் அணைகள் எழுப்பிப் பனியுருகிய நீரைத் தேக்கி, நாற்பது மைலுக்கு மேற்பட்ட கால்வாய்களின் வழியே பாறைச் சரிவுகளை வளைத்துக் கொணர்ந்து, குழியின் விளிம்பிலிருந்து இரும்புக் குழாய்களில் இறக்கினார்கள். குழாய் முடிவில் ‘மானிட்டர்’ என்ற ஜலபீரங்கி இருக்கும். அதன் பின்புறத்துப் பெட்டியில் கற்களை நிரப்பிப் பாரத்தைச் சமன் செய்துவிட்டால், பல ஆட்களைத் தூக்கியெறியக்கூடிய அந்தப் பிரவாகத்தை ஒரே ஆள் இப்படியும் அப்படியும் திருப்புவான். நீரை ‘சுரங்க அங்குலம்’ என்ற கணக்கில் விற்றார்கள்: பலகையில் ஒரு சதுர அங்குலத் துளையிட்டு, அதற்குமேல் சில அங்குல உயரத்துக்கு நீர் நிற்கும்போது துளை வழியே வருவது ஓர் அளவு. மலைமேல் மதகைத் திறப்பவனுக்கும் கீழே குழியில் நிற்பவனுக்கும் செய்தி உடனுக்குடன் போகவேண்டுமென்று, 1870-களின் பிற்பகுதியிலேயே ஏறத்தாழ அறுபது மைல் தூரத்துக்கு டெலிபோன் கம்பி இழுத்தார்கள் என்றால், நீர் வருகிற வழியில் அவர்கள் காட்டிய ஜாக்கிரதை விளங்கும்.

நீர் போகிற வழியிலும் சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. குழி ஆழமாக ஆக, அதன் தரை சுற்றியுள்ள ஓடைகளின் மட்டத்துக்கே இறங்கிவிட்டது. சேறும் சரளையும் கலந்த நீர் வெளியேற வாட்டமில்லாமல் உள்ளேயே தேங்கினால் வேலை நின்றுவிடும். எனவே, அடியிலுள்ள கடும்பாறையைக் குடைந்து, ஏறக்குறைய 7,800 அடி நீளமுள்ள ஒரு சுரங்க வடிகாலை 1874-இல் முடித்தார்கள். வேலையை விரைவுபடுத்த வழிநெடுகக் கிணறுகளை இறக்கி, ஒவ்வொரு கிணற்றடியிலிருந்தும் இருபுறமும் குடைந்து சென்ற அந்த ஏற்பாட்டை இன்று படித்தாலும் பொறியியல் அறிந்தவர்கள் மெச்சவே செய்வார்கள். வழியில் அமைத்த மரச்சால்களின் அடியில் பாதரசமிட்டுப் பொன்னைப் பிடித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் தெற்கு யூபா நதியில் தள்ளிவிட்டார்கள். சாலிலிருந்து தப்பிய பாதரசமும் அதனுடனேயே போயிற்று. கம்பெனியின் கணக்கு ஆற்றங்கரையோடு முடிந்துவிட்டது.

ஆறு அங்கே முடியவில்லை. மேல்மடைக்காரன் நீரை விடாததால் கடைமடை காய்கிற வழக்கைத்தான் நாம் கண்டிருக்கிறோம். யூபா நதியிலோ, மேலேயுள்ளவர்கள் விட்டதனாலேயே கீழேயுள்ளவர்கள் கெட்டார்கள். சமவெளிக்கு வந்ததும் வேகம் தணிந்த நதி, சரளையையும் மணலையும் படுகையில் போட்டுப் போட்டு மேடாக்கியது. பழத்தோட்டங்களும் கோதுமை வயல்களும் புதைந்தன. மேரிஸ்வில் நகரத்தார் கரையை உயர்த்த உயர்த்த ஆறும் உயர்ந்து, கடைசியில் தெருக்களைவிட ஆற்றுப்படுகை மேலே நின்றது. 1875-இன் வெள்ளத்தில் கரை உடைந்து நகரம் முழுகிற்று.

அவ்வூரில் சொத்துடைய எட்வர்ட்ஸ் உட்ரஃப் 1882-இல் தொடுத்த வழக்கில், 1884 ஜனவரி 7-ஆம் தேதி தீர்ப்பளித்த நியாயாதிபதி லாரன்ஸோ சாயர், தாமும் இளமையில் பொன் தேடி வந்து சுரங்க வேலை பார்த்தவரே. இது நெடுநாள் வழக்கம், சட்டமும் இதை ஆதரித்தே வந்திருக்கிறது என்ற கம்பெனியின் வாதத்தை அவர் ஏற்கவில்லை. ஆனால் நீரால் வெட்டாதே என்றும் அவர் சொல்லவில்லை. கழிவை யூபாவிலும் அதன் கிளைகளிலும் விடாதே என்றுதான் சொன்னார். வடிகாலை மூடினால் தொழிலே மூடிவிடும் என்பது இருதரப்பாருக்கும் தெரிந்த விஷயம்.

1893-இல் இயற்றிய காமினெட்டிச் சட்டம், கழிவைத் தடுத்து நிறுத்த அணை கட்டுவோர் லைசென்ஸ் பெற்று வேலை செய்யலாமென அனுமதித்தது. அணைச் செலவையும் சேர்த்துப் பார்த்தபோது, பெரும்பாலான குழிகளில் லாபம் மிஞ்சவில்லை. நிலவியலறிஞர் கில்பர்ட் 1917-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சியரா மலையிலிருந்து இப்படி இறங்கிய மண் நூறு கோடி கனகெஜத்தையும் தாண்டுமென்று மதிப்பிட்டார். அம்மண்ணைத் தடுப்பதற்கென்றே யூபாவின் குறுக்கே எங்கிள்பிரைட் அணையை 1941-இல் கட்டவேண்டியிருந்தது.

ஏழாயிரம் அடி நீளமும் மூவாயிரம் அடி அகலமுமாக விரிந்து கிடக்கும் மாலக்காஃப் குழி, 1965 முதல் மாகாண அரசின் சரித்திரப் பூங்கா. மாரிக்காலத்தில் செம்மண் சுவர்கள் கரைந்து, ஹில்லர் என்ற பழைய சுரங்கத்தின் வழியே ஹம்பக் ஓடையில் இன்றும் கலங்கல் நீர் இறங்குகிறது. அதில் பாதரசமும் இருக்கிறது. வழக்கில் தோற்ற கம்பெனி மறைந்துவிட்டபடியால், அந்த வடிகாலுக்குப் பொறுப்பு இப்போது பூங்கா இலாகாவின் தலையில் விழுந்திருக்கிறது.