மூச்சைப் பார்த்த ஹைதராபாத்

மயக்க மருந்தான குளோரோஃபார்ம் கொடுத்தால் முதலில் நிற்பது மூச்சா, இதயமா? பிரிட்டிஷ் மருத்துவர்களை இரண்டு அணியாக்கிய இந்தக் கேள்விக்கு ஹைதராபாத்தில் விடை தேடினார் ரெசிடென்சி அறுவை மருத்துவர் எட்வர்ட் லாரி. 1888-இல் ஒரு குழு கூடியது. அதன் முடிவை 'லான்செட்' இதழ் ஏற்கவில்லை. மறு ஆண்டே ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் இரண்டாம் குழுவுக்காக 1,000 பவுண்டு கொடுக்க, லண்டனிலிருந்து மருத்துவர் லாடர் பிரண்டன் வந்து சேர்ந்தார். ஹைதராபாத்தில் மருத்துவம் படித்த ரூபா பாய் ஃபர்தூன்ஜியும் அந்தப் பணியில் பங்கெடுத்தார்.

நாய், குரங்கு, ஆடு, பூனை, முயல் என நூற்றுக்கணக்கான வாயில்லா ஜீவன்கள் சோதனைக்கு உள்ளாயின. அவற்றை மறந்துவிட்டு இந்த வரலாற்றைப் படிப்பது நியாயமாகாது.

நாடியை நம்பாதே, மூச்சைக் கவனி என்றது குழு. அது பாதி உண்மைதான். குளோரோஃபார்ம் இதயத்தையே திடீரென நிறுத்தக்கூடும் என்பதை 1911-இல் மருத்துவர் குட்மன் லெவி பூனைகளில் சோதித்துக் காட்டினார்.

ஆனால் முயல் வளர்ப்பவருக்கு அந்தப் பாதி இன்றும் உதவும். ஓய்வில் இருக்கும் முயல் நிமிடத்துக்குச் சுமார் 30 முதல் 60 முறை மூச்சுவிடும், அதுவும் மூக்கால்தான். விலா மெல்ல அசையும், மூக்கு துடிக்கும். தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். மயக்க வாயு முகத்தில் பட்டதுமே முயல் மூச்சை அடக்கிக்கொள்ளும் என்பதால், அறுவை மேசையிலும் மருத்துவரின் கண் அதன் விலாவில்தான் இருக்கும்.