தேசிய மாதிரி ஆய்வு

தேசிய மாதிரி ஆய்வு என்பது 1950 முதல் இந்திய அரசு நடத்திவரும் தொடர் குடும்பக் கணக்கெடுப்பு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் போல எல்லா வீட்டுக்கும் போகாது. சில ஆயிரம் கிராமங்களையும் நகரப் பகுதிகளையும் குலுக்கல் முறையில் பொறுக்கி, அங்கும் சில குடும்பங்களிடம் மட்டும் விசாரித்து, நாட்டின் வேலை, செலவு, கடன், படிப்பு, மருத்துவம் பற்றிய மதிப்பீடுகளைத் தரும். வறுமை எவ்வளவு, வேலையின்மை எவ்வளவு என்று பத்திரிகைகளில் நடக்கும் சண்டைகளுக்கு மூலம் பெரும்பாலும் இதுதான். எப்படிக் கேட்பது, கேட்டதை எப்போது வெளியிடுவது என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே இதன் வரலாறு சுழன்றிருக்கிறது.

குடும்பங்களை எண்ணும் வழக்கம் நாட்டுக்குப் புதிதல்ல; காஞ்சிபுரம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டு ஜாகீர் என்ற நிலப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், 1767க்கும் 1774க்கும் இடையில் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் அங்கிருந்த ஏறத்தாழ 2,000 ஊர்களின் வீடுகள், விளைச்சல், மானியங்கள் ஆகியவற்றைத் தொகுத்தார். அதற்கு ஆதாரமாக இருந்தவை ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைகள். 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பியபோது, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள தூசியும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனால் இவை ஊர் ஊராக எடுத்த கணக்குகள். ஓர் ஊரை வைத்து நாட்டைச் சொல்லும் கணிதம் இவற்றில் இல்லை.

அந்தக் கணிதத்தைக் கொண்டுவந்தவர் புள்ளியியலாளர் பி. சி. மகலனோபிஸ். விடுதலைக்குப் பிறகு நாட்டு வருமானத்தைக் கணக்கிட 1949இல் அவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. டி. ஆர். காட்கில், வி. கே. ஆர். வி. ராவ் உறுப்பினர்கள். சாதாரணக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்பதற்கே தரவு இல்லை என்பது உடனே தெரிந்துவிட்டது. அந்தக் குறையைத் தீர்க்க 1950 அக்டோபரில் 1,833 கிராமங்களில் ஆய்வின் முதல் சுற்று தொடங்கியது. வடிவமைப்பும் கணக்கீடும் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பொறுப்பில் இருந்தன. மாதிரியை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் உத்தியை மகலனோபிஸ் இதில் புகுத்தினார். தம் தவற்றைத் தாமே பிடிக்க வழி வைத்துக்கொண்ட அரசு அமைப்புகள் அன்றும் அதிகமில்லை, இன்றும் அதிகமில்லை. 1970களின் தொடக்கத்தில் இது தேசிய மாதிரி ஆய்வு நிறுவனமாக மாற்றி அமைக்கப்பட்டது. 1972-73 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய அளவில் செலவு, வேலைவாய்ப்பு ஆய்வுகள் நடந்தன. மாநிலங்களும் தங்கள் பங்குக்கு ஒரு மாதிரியை எடுக்கின்றன. தமிழ்நாட்டில் இது பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் வேலை.

மாதிரி எடுப்பது என்பது உண்மையில் எதைக் குறிக்கிறது என்பதை மாகறல் போன்ற ஓர் ஊரை வைத்துப் பார்க்கலாம். செய்யாற்றங்கரையில் திருமாகறலீசர் கோயிலைச் சுற்றி அமைந்த ஊர் இது. காஞ்சிப் பட்டு வட்டாரத்தைச் சேர்ந்தது. இப்படியோர் ஊர் குலுக்கலில் வந்தால், களப்பணியாளர் முதலில் எல்லா வீட்டையும் பட்டியலிடுவார். பிறகு வசதிக்கேற்ப வகைபிரித்து, அதிலிருந்து குடும்பங்களைத் தேர்வார். 2022-23 செலவு ஆய்வில் ஓர் ஊருக்கு 18 குடும்பங்கள். நாடு முழுவதும் 2,61,746. சராசரியாக ஒரு வீட்டின் பதில் ஏறத்தாழ ஆயிரம் வீடுகளுக்காகப் பேசுகிறது.

வேலைவாய்ப்பு ஆய்வுக்காகத் தறி உள்ள வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும்? கோர்வைப் புடவை நெய்ய ஒருவர் போதாது. உடலும் கரையும் வேறு நிறம் என்பதால் கரைக்குத் தனி நாடா ஓடவேண்டும். அதைத் தள்ள இன்னொரு கை தேவை. தார் சுற்றுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். ‘அவங்க வீட்டுலதான் இருக்காங்க’ என்று கணவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டால், அந்தப் பெண் 92 என்ற குறியீட்டில், அதாவது வீட்டுவேலை மட்டும் பார்ப்பவராக, உழைப்பாளர் கணக்குக்கு வெளியே போய்விடுவார். தறியில் உட்காருவாரா என்று இன்னொரு கேள்வி கேட்டால் குறியீடு 21. குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவர். பெண்களின் உழைப்புப் பங்கேற்பு ஏறியது, இறங்கியது என்று நாம் படிக்கும் வீதத்தில் இப்படிப்பட்ட வாசற்படி உரையாடல்களுக்கும் பங்குண்டு.

எத்தனை நாள் செலவைக் கேட்பது என்பது இதைவிடப் பெரிய தலைவலி. 1950களின் சோதனைகளை வைத்து 30 நாள் என்று முடிவானது. 1990களில் 51ஆம் சுற்று முதல் 54ஆம் சுற்று வரை பாதிக் குடும்பங்களிடம் உணவுக்கு 7 நாள் கணக்கைக் கேட்டுப் பார்த்தார்கள். செலவு கூடுதலாக வந்தது. காகிதத்தில் கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து வெளியேறினர். 1999-2000இல் இரண்டு கேள்விகளையும் ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒரு பதில் மற்றதை இழுத்துவிட்டது. அந்த ஆண்டின் 26.1 சதவீத வறுமை வீதத்தை முந்தைய 36 சதவீதத்தோடு ஒப்பிடலாமா என்பது பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் உள்ளிட்டோர் பல ஆண்டுகள் விவாதித்த விஷயம். துணிமணியை 30 நாளுக்குக் கேட்பதில் பொருளில்லை என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணி எடுக்கும் எவருக்கும் தெரியும். அதற்கு இப்போது 365 நாள் கணக்கு.

வெளியிடுவதில் நெடுங்காலம் மந்தம். அறிக்கைகள் ஆண்டுக்கணக்கில் தாமதமாகும். ஆய்வு முடிவுகளை வெளியிட 1977இல் ‘சர்வேக்ஷணா’ இதழ் தொடங்கியது. 1990களின் இறுதியில் வந்த தேசியத் தரவுப் பரவல் கொள்கை, பெயரும் முகவரியும் நீக்கிய குடும்ப அளவிலான தரவை ஆய்வாளர்கள் விலைக்கு வாங்க வழிசெய்தது. இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாட்டின் புள்ளியியல் அமைப்பை ஆராய்ந்த சி. ரங்கராஜன் ஆணையத்தின் பரிந்துரைப்படி 2006இல் தேசியப் புள்ளியியல் ஆணையம் அமைந்தது. ஆனால் அதற்கெனச் சட்டம் வரவில்லை. அந்தப் பலவீனம் பின்னர் வெளிப்பட்டது. 2017-18 வேலைவாய்ப்பு அறிக்கை ஆணையத்தின் ஒப்புதல் பெற்றும் வெளிவராததால், 2019 ஜனவரியில் பொறுப்புத் தலைவர் பி. சி. மோகனனும் உறுப்பினர் ஜே. வி. மீனாட்சியும் விலகினர். 6.1 சதவீத வேலையின்மை என்ற எண் பத்திரிகையில் கசிந்தது. தேர்தல் முடிந்து புதிய அரசு பதவியேற்ற மறுநாள், மே 31 அன்று, அதே எண்ணோடு அறிக்கை வந்தது. அதே ஆண்டின் செலவு ஆய்வோ வரவேயில்லை. தரம் சரியில்லை என்று அமைச்சகம் 2019 நவம்பரில் அதைக் கைவிட்டது. தரத்தை ஆய்வாளர்களே சோதிக்கட்டும் என்று குறைகளோடு தரவை வெளியிட்டிருந்தால் நம்பிக்கை இவ்வளவு கெட்டிருக்காது. அடுத்த முடிவு 2024 பிப்ரவரியில்தான் வந்தது. அதுவரை நாட்டின் செலவுக் கணக்குக்கும் விலைக் குறியீட்டின் எடைகளுக்கும் 2011-12 ஆய்வே ஆதாரம்.

2022-23 ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒருவரின் மாதச் செலவு சராசரி 5,310 ரூபாய். இந்தியச் சராசரி 3,773. மூன்று வினாத்தாள்களோடு மாதத்துக்கு ஒருமுறை மூன்று தடவை ஒரே வீட்டுக்குப் போனார்கள். ரேஷன் அரிசி, பள்ளிச் சீருடை, மடிக்கணினி, சைக்கிள் என இலவசமாக வந்தவற்றையும் குறித்துக்கொண்டு, அவற்றின் மதிப்பைச் சேர்த்த தனி மதிப்பீட்டையும் கொடுத்தார்கள். இலவசங்களுக்குப் பேர்போன மாநிலத்துக்கு இது முக்கியம்.

2025 ஜனவரி முதல், வேலைவாய்ப்பை அளக்கும் உழைப்பாளர் ஆய்வில் மாவட்டமே அடிப்படை அலகு. முடிவுகள் மாதந்தோறும் வருகின்றன. மாவட்டத்துக்குக் கீழே, ஓர் ஊரில் எத்தனை தறி என்பதை மட்டும் இதில் தேட முடியாது. அதற்கு ஒவ்வொரு நெசவாளர் வீட்டுக்கும் போகும் கைத்தறிக் கணக்கெடுப்பு தனியே உண்டு. 2019-20இல் நடந்த நான்காவது கணக்கெடுப்பின்படி நாட்டின் கைத்தறித் தொழிலாளர்கள் 35.22 லட்சம் பேர்.