கர்ணத்தின் பதிவேடு: அடிநிலை நிர்வாகச் சீர்திருத்தம் பற்றிய ஓர் ஆய்வு

இந்தியாவில் நிர்வாகச் சீர்திருத்தம் என்று பேச்செடுத்தால், அது உயர் அதிகாரிகளின் தேர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றில் வந்து நின்றுவிடுகிறது. 1966இல் அமைந்த முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், 2005இல் அமைந்து 15 அறிக்கைகள் அளித்த இரண்டாம் ஆணையம், அதிகாரிகளின் பதவிக்காலம் குறித்து டி.எஸ்.ஆர். சுப்ரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் அளித்த தீர்ப்பு ஆகியவற்றையொட்டி எழுந்த பொது விவாதங்களைப் பார்த்தாலே இது விளங்கும். ஆனால் ஒரு விவசாயிக்கு அரசு என்பது தலைமைச் செயலகம் அன்று. சிட்டாவும் அடங்கலும் இருக்கும் கிராம அலுவலகமே அவருக்கு அரசு. அங்கே எது மாறியது, எது மாறவில்லை என்பதை வைத்தே சீர்திருத்தத்தை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். நாற்காலியில் அமர்பவர் எப்படித் தேர்வானார், பதிவேடு யார் கையில் இருக்கிறது, பிழைக்கும் தாமதத்துக்கும் யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளைத் தமிழ்நாட்டின் கிராம நிர்வாக வரலாற்றிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மேலே தேர்வு, கீழே பிறப்பு

இந்திய சிவில் பணிக்கான போட்டித் தேர்வு 1855இல் லண்டனில் தொடங்கியது. வேண்டியவருக்குப் பதவி என்ற முறை மேல்மட்டத்தில் அத்துடன் முடிவுக்கு வந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1895இல், பிரிட்டிஷ் ஆட்சி சென்னை மாகாணத்தில் பரம்பரைக் கிராமப் பதவிகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. மாவட்ட ஆட்சியர் தேர்வெழுதி வர வேண்டும். கிராமக் கணக்கரான கர்ணமும் ஊர்த்தலைவரான மணியகாரரும் உரிய குடும்பத்தில் பிறந்தால் போதும். அரசுக்கு வேண்டியது வரி. அதற்கான கணக்கை வைத்திருந்த குடும்பங்களைக் கலைக்க அரசுக்கு அவசரம் ஏதும் இருக்கவில்லை.

இந்தப் பிறப்புரிமை குடியரசிலும் தொடர்ந்தது. ஆந்திரத்தின் தெனாலி வட்டத்தில் ஒரு கிராமம் இரண்டாகப் பிரிந்தபோது, புதிய கிராமத்தின் முன்சீப் (ஊர்த்தலைவர்) பதவி முன்னாள் முன்சீப்பின் மகனுக்கே போனது. எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் கஜுலா தசரதராம ராவ். வழிமரபின் பேரில் அரசுப் பணியில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற அரசியலமைப்பின் 16(2)ஆம் பிரிவைச் சுட்டி, பதவியைப் பழைய குடும்பத்துக்கே தரும் 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி செல்லாது என உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரை உரிமையை நீக்கியது. 1970இல் பணிவிதிகள் வந்தன. ஆனால் பணி பகுதிநேரமாகவே இருந்தது. அலுவலகம் என்று தனியாக ஒன்று இல்லை. பதிவேடுகள் கர்ணத்தின் வீட்டில் இருந்தன. ஊர் நிலத்தின் கணக்கு முழுவதும் ஒருவர் வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும்போது, அவர் பரம்பரையாக வந்தாரா, நியமனமாகி வந்தாரா என்பதில் குடியானவருக்கு என்ன வேறுபாடு இருந்திருக்கும்?

1980: துணிவும் எல்லையும்

பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்து முழுநேர அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று மாநில நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1973இல் பரிந்துரைத்திருந்தது. எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் அதைச் செய்தது. கர்ணம், மணியகாரர் பதவிகள் மாநிலம் முழுவதும் நவம்பர் 14 அன்று ஒழிந்தன. கிராம நிர்வாக அலுவலர் என்ற புதிய பதவி பிறந்தது. பதவியிழந்தோர் அரசியலமைப்பின் 311ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கோரி உச்ச நீதிமன்றம் சென்றனர். கே. ராஜேந்திரன் வழக்கில் 1982இல் வந்த தீர்ப்பு, நல்லெண்ணத்துடன் ஒரு பதவியையே ஒழிப்பது தண்டனையாகச் செய்யும் பணிநீக்கம் ஆகாது என்று சொல்லிச் சட்டத்தை ஏற்றது.

இன்று இப்பதவிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு வழியே ஆள் எடுக்கிறார்கள். இட ஒதுக்கீட்டின்படி எல்லாச் சமூகத்தாரும் அந்த நாற்காலிக்கு வர முடிகிறது. என் கணிப்பில், சுதந்திர இந்தியாவின் மிகத் துணிவான நிர்வாகச் சீர்திருத்தங்களுள் இது ஒன்று.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கர்ணத்துக்கு ஒவ்வொரு வரப்பும் தெரியும். இன்று மாறுதலில் வரும் அலுவலருக்கு ஊரே தெரியாது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒருவர் நினைவில் மட்டும் இருக்கும் அறிவு பொது அறிவு ஆகாது. அது அவருக்கு வேண்டியவருக்குப் பயன்படும். வேண்டாதவருக்கு எதிராகவும் திரும்பும். அந்த அறிவை எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேட்டுக்குள் கொண்டு வருவதே அடுத்த சீர்திருத்தமாக இருந்திருக்க வேண்டும்.

பதிவேடும் பிழையும்

அந்த வேலை நடந்த விதத்தில்தான் இன்றைய வேதனை இருக்கிறது. யு.டி.ஆர். என்று ஊரார் சொல்லும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979இல் தொடங்கி 1987இல் முடிந்தது. ஏக்கர், சென்ட் கணக்கு ஹெக்டேர், ஏர் கணக்கானது. உட்பிரிவுகளும் உரிமையாளர் பெயர்களும் புதிதாக எழுதப்பட்டன. திட்டத்தின் நடுவில்தான் பழைய அலுவலர்கள் விடைபெற்றார்கள். பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் பட்டா போனது என்று பலவகைப் பிழைகள் புகுந்தன. பின்னர் பதிவேடு கணினிக்குப் போனபோது பிழைகளும் அப்படியே ஏறின.

இப்போது பட்டாவை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். பதிவேடு ஒருவர் கையிலிருந்து ஊரார் கண்முன் வந்தது மெய்யான முன்னேற்றம். ஆனால் பிழையைப் பார்க்க முடிந்தவரால் அதைத் திருத்த முடிவதில்லை. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, நில விவரங்கள் அடங்கிய பழைய ‘அ’ பதிவேட்டின் நகல் எல்லாவற்றையும் தேடி எடுத்துக்கொண்டு அவர் மனுவுடன் அலைய வேண்டும். அவர் கேட்கும் பழைய நகல் இருப்பது அரசிடம். பிழையைச் செய்ததும் அரசு. அதை மெய்ப்பிக்கும் சுமை மட்டும் குடிமகன் தலையில் விழுகிறது. இது அநீதி. நிர்வாக நடைமுறை என்று இதற்குப் பெயரிட்டு ஏற்றுக்கொள்ள முடியாது.

பொறுப்பு

கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டம் இங்கே ஒரு பாடம் தருகிறது. சுமார் 2 கோடி நில ஆவணங்களைக் கணினிக்குக் கொண்டு போனதோடு அத்திட்டம் நிற்கவில்லை. பெயர் மாற்ற மனுக்களை வந்த வரிசைப்படியே எடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை மென்பொருளிலேயே வைத்தது. வரிசையைத் தாண்டும் வசதிதான் கையூட்டுக்கு வழி. அது அங்கே அடைபட்டது. மத்தியப் பிரதேசம் 2010இல் இயற்றிய பொதுச் சேவை உறுதிச் சட்டம் இன்னொரு படி முன்னே சென்று, காலக்கெடு தவறினால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 5,000 ரூபாய் வரை அலுவலருக்குத் தண்டம் விதித்தது.

தண்டம் கடைசிப் படியில் நிற்பவர் மேல்தானே விழும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சொந்தக் கிராமத்தோடு பக்கத்துக் கிராமத்தையும் கூடுதல் பொறுப்பாகச் சுமந்து, தேர்தல் பணியும் வெள்ள நிவாரணமும் பார்க்கும் ஒருவரிடம் காலக்கெடுவை மட்டும் நீட்டுவது முறையன்று. பணியிடத்தைக் காலியாக விட்டவருக்கும் அந்தத் தாமதத்தில் பங்கு உண்டு. ஆகவே கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் நின்றது, அந்த மேசைக்கு எத்தனை கிராமங்கள் பொறுப்பு என்ற இரண்டையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

முடிவாக

முதல் கேள்விக்கு 1980 விடை தந்தது. இரண்டாவதற்குக் கணினி பாதி விடை தந்திருக்கிறது. மூன்றாவதற்கு விடை காண ஒரே ஒரு விதியிலிருந்து தொடங்கலாம்: பழைய ‘அ’ பதிவேடும் பதிவான பத்திரமும் ஒத்துப்போய், யு.டி.ஆர். பதிவு மட்டும் முரண்பட்டால், பாதிக்கப்படக்கூடியோருக்கு அறிவிப்புக் கொடுத்து, மனு வரும்வரை காத்திராமல், அரசே தன் செலவில் திருத்தித் தர வேண்டும். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் மரபு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இந்தப் பிழைகளையும் அங்கேயே கிராம வாரியாக எடுத்துப் பார்த்தால் போதும். புதிதாக ஓர் ஆணையம் தேவையில்லை. தன் பதிவேட்டில் உள்ள தவறு தன்னுடையது என்று அரசு ஒப்புக்கொள்வதுதான் தேவை.