கம்பி சுற்றிய கைகள்

பழைய ஃபெண்டர் கிடார்களின் ஒலிக்கு ஏன் இத்தனை மயக்கம் என்று கேட்டால், மரத்தின் வயதையும் லியோ ஃபெண்டரின் மேதைமையையும் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் நாம் பட்டறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

1950களில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரம். கிடார் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது பிக்கப். ஆறு சிறு காந்தங்கள்; அவற்றைச் சுற்றி முடியைப் போல மெல்லிய செம்புக் கம்பி, ஏறத்தாழ 8,000 சுற்று. சுழற்றியது எந்திரம், கம்பியை விரலால் பிடித்து வழிநடத்தியது தொழிலாளி. சுற்று கூடினால் ஒலி தடிக்கும், குறைந்தால் கூர்மையாகும். கையின் இறுக்கமும் சேர்ந்துகொள்ளும். ஒன்றைப் போல இன்னொன்று அமையாது. இன்று 'தனித்துவமான ஒலி' என்று வியப்பதில் ஒரு பங்கு இந்தக் கைவேறுபாடு. (தொழிற்சாலைக் கண்ணோட்டத்தில் அது குறை!)

மெக்சிக வம்சாவளியினர் பலர் அங்கே உழைத்தார்கள். 1956இல் சேர்ந்த அபிகெய்ல் இபாரா பல பத்தாண்டுகள் பிக்கப் சுற்றினார். அவர் பெயர் விற்பனைக்கு உதவும் என்பது நிறுவனத்துக்கு மிகப் பிந்தித்தான் புரிந்தது.

1965இல் லியோ தன் நிறுவனத்தை சிபிஎஸ்ஸுக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அதற்கு முந்தைய கிடார் என்றாலே இப்போது விலை எகிறுகிறது. வாங்க வருபவர்கள் நான்கு திருகுகளைக் கழற்றி, கழுத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார்கள். கழுத்தைச் செதுக்கிய டாடியோ கோமஸ் தேதியோடு பென்சிலால் எழுதிய 'டி.ஜி.' இருக்கிறதா என்று.